ஐம்பதில் மட்டும் இருமிய வண்டி

நைட் ஷிப்ட் முடிந்து நாங்கள் வெளியே வரும் நேரத்தில் ஒரகடம் சாலையில் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். வானமும் வெளுக்கத் தொடங்கியிருக்கும். இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் எல்லாமே தரையிலிருந்து சற்று எழும்பி நிற்பதுபோலத் தோன்றும். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீள லாரிகள் ஓரமாக நிற்கும். ஏரிப்பக்கமிருந்து பனி இறங்கி வந்து அவற்றின் சக்கரங்களை மட்டும் மறைத்திருக்கும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை. எனக்கு அடுத்த மிஷினில் தைத்தவள் பென்னலூர்க்காரி. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நான் வாடிப்போனதைப் பார்த்து, அவள் தெருவிலேயே எனக்கு ஒரு மாடி அறை பிடித்துக் கொடுத்தாள். அன்று முதல் அவளுடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டு எனக்கென்று ஆனது. பழைய வண்டி. அவள் அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது, "இனிமே உன்னுது" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இரவு முழுக்க மிஷின் ஓட்டிய உடம்பு. அகலமான சாலை, ஒரே வேகம், அவள் முதுகின் கதகதப்பு. கண்ணைத் திறந்துகொண்டே நான் பாதி உறங்கிவிடுவேன். அப்படி ஒரு காலையில்தான் வண்டி இருமியது. தூக்கத்தில் படி தவறுவதுபோல ஒரு சின்ன வெட்டு. பிறகு இன்னொன்று.

"இன்னாடி இது?" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல்.

முறுக்கினால் வண்டி சரியாகப் பாய்ந்தது. மெதுவாகப் போனாலும் தொந்தரவு இல்லை. ஐம்பதில் நிலையாகப் பிடித்தால் மட்டும் விட்டுவிட்டு வெட்டியது.

சுங்குவார்சத்திரத்து மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். கடை வாசலில் முறுக்கிப் பார்த்தபோது வண்டி அருமையாக உறுமியது. "வண்டியில ஒண்ணியும் இல்லம்மா. நீ ஓட்டறதுதான் சரியில்ல. கிளட்ச்ச புடிச்சிக்கினே ஓட்டுவே போல" என்றார். திரும்பி வரும் வழியில் ஐம்பதைத் தொட்டதும் வண்டி மறுபடி வெட்டியது. "கேட்டியா? நானா வெட்டறேன்?" என்று காற்றைப் பார்த்துக் கத்தினாள்.

அவள் அப்பா ஒரு தொழிற்சாலையில் கேட் செக்யூரிட்டி. மகள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அவருக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. வண்டி கோளாறு என்று கேள்விப்பட்டதும், "ஞாயித்துக்கெழம ஒரு ஆளு வந்து பாப்பாரு. வித்துட்டு ஸ்கூட்டி எடுத்துக்க" என்று முடித்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வாகனம் குறைவான ஒரு கிளைச்சாலையில், கம்பெனிகளின் நீண்ட மதில்களை ஒட்டி, மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தோம். என் வேலை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. வெட்டும்போதெல்லாம் அவள் தோளைத் தட்டுவேன். இருட்டுக்குள் எஞ்சினின் ஓசை ஒரு நீண்ட தையல்போல ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஓரிடத்தில் தையல் விடும். அங்கே தட்டுவேன். சில நேரம் மயில் அகவும். எங்கிருந்தோ பெயின்ட் வாசனையும் ஈரப்புல் வாசனையும் சேர்ந்து வரும். எந்த மதிலைக் கடக்கிறோம், எந்தத் திசையில் போகிறோம் என்பதெல்லாம் மறந்துபோகும். அந்தக் காலைகள் முடியாமல் போய்க்கொண்டே இருக்காதா என்றிருந்தது.

போனில் அவள் ஏதோ வீடியோ பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை, "இப்ப நான் லேசா சோக் இழுக்கப்போறேன். நீ கண்ண தொறக்காத" என்றாள்.

வண்டி ஐம்பதில் போனது. வெட்டியது, தட்டினேன். வெட்டியது, தட்டினேன். பிறகு வெட்டவே இல்லை. என் கை அவள் தோளுக்கு மேல் சும்மா நின்றது.

"ஏட்டி, வெட்டு நின்னுட்டு!" என்றேன்.

"சோக்க உள்ள தள்ளறேன்."

உடனே வெட்டியது.

வண்டியை ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தினாள். அவள் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தாலும் முகம் மினுங்கியது. "சோக் போட்டா காத்து கம்மியாவுது. அப்போ நல்லா ஓடுது. அப்டின்னா எங்கியோ காத்து திருட்டுத்தனமா உள்ள பூந்துக்கினு கீதுடி."

என் பையில் யூனிஃபார்மை இஸ்திரி போட வைத்திருந்த தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் கிடந்தது. எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டரைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கச் சொன்னாள். மேலே தெளித்தேன், ஓசை மாறவில்லை. பக்கவாட்டிலும் மாறவில்லை. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாயின் அடியில் தெளித்ததும் ஓசை சட்டென்று தாழ்ந்தது. தண்ணீர் காய்ந்ததும் பழையபடி ஆனது. மறுபடி தெளித்தேன், மறுபடி தாழ்ந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எஞ்சினை அணைத்துச் சூடு ஆறவிட்டு, ரப்பரை அமுக்கி வளைத்தாள். அடிப்பக்கத்தில் மெல்லிய கீறல் வாய் திறந்தது. முறுக்கும்போது பெட்ரோல் தாராளமாக வருவதால் அந்தக் கள்ளக் காற்று தெரிவதில்லை. சீராக ஓட்டும்போது பெட்ரோல் கொஞ்சமாகத்தான் வரும். அப்போதுதான் அது குறுக்கே விழுந்திருக்கிறது.

"அவ்ளோதானா?" என்றாள் அவள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் புது ரப்பர் வாங்கி வந்து, வாசலில் சாக்கு விரித்து அவளே மாட்டினாள். நான் திருகுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலையில் ஐம்பதில் ஓட்டிப் பார்த்தோம். ஓசை எங்கும் அறுபடவில்லை. எதைக் கேட்பது என்று தெரியாமல் என் காது கொஞ்சம் தவித்தது.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி அந்த ஆள் வந்தார். அவள் அப்பா நாற்காலி போட்டார், அம்மா டீ கொடுத்தார். வந்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சந்தோஷம்.

"இன்னா சார், கோளாறுன்னு சொன்னீங்க? பட்டு மாதிரி ஓடுது! இன்னிக்கே எடுத்துக்கிறேன்" என்றார்.

நாங்களே சரிசெய்து, நாங்களே அனுப்பிவைக்கப் போகிறோமா?

அவள் எழுந்து போய் வண்டியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். "மன்னிச்சிக்கங்கண்ணா. வண்டி விக்கறதா இல்ல."

"ஏம்மா, அப்பாதான வரச்சொன்னாரு?"

"கோளாறுன்னுதான் விக்கச் சொன்னாரு. இப்ப கோளாறு இல்லியே."

வந்தவர் அவள் அப்பாவைப் பார்த்தார். அப்பா ரப்பர் மாட்டப்பட்ட இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"நான்தாம்ப்பா. இவதான் எங்க வெட்டுதுன்னு சொன்னா."

வந்தவர் டீயை முடித்துவிட்டு, வருத்தத்தோடுதான் கிளம்பினார். அவர் போன பிறகு அப்பா உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நாங்கள் இருவரும் நின்றோம்.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. கொண்டுபோய் வுட்டுட்டு வா" என்றார்.

அதுவரை மகளின் பின்னால் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பக்கவாட்டில் ஏறலாமா, காலைப் போட்டு உட்காரலாமா என்று யோசித்து, கடைசியில் காலைப் போட்டார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டார். அவள் முதல் கியர் போட்டாள்.

"மெதுவா போ" என்றார்.

தெருமுனை திரும்பும்போது அவர் கை மெதுவாக எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.