பிரேக் தேய்ந்த ஹைட்ரோ

கொதிநீரும் உப்பும் சாயமும் கலந்த ஈரத்துணியின் ஆவி... வீரபாண்டிப் பக்கம் இருந்த அந்த டையிங் யூனிட்டுக்குள் நுழைந்ததுமே முகத்தில் அடிக்கும்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. கெமிஸ்ட்ரி டிகிரி முடித்ததும் அங்கே லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். சாயம் ஏறிய துணியில் ஒரு துண்டு வெட்டி, காயவைத்து, துணி வாங்கும் பையர் கொடுத்த நிற ஷேடோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை.

ஈரத்துணியைப் பிழிகிற மெஷினுக்கு ஹைட்ரோ என்று பெயர். பெரிய டிரம். அது சுற்றுகிற வேகத்தில் தண்ணீரெல்லாம் தெறித்து வெளியே போய்விடும். அதை ஓட்டியவர் தண்டபாணி அண்ணன். கணியூர்க்காரர். பி.எஸ்சி. பிசிக்ஸ். வாத்தியாராக ஆசைப்பட்டவர், பி.எட். சேர வழியில்லாமல் இங்கே வந்துவிட்டார்.

ஹைட்ரோவின் பிரேக் தேய்ந்திருந்தது. ஸ்விட்சை அணைத்த பிறகும் டிரம் வெகுநேரம் சுற்றும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கரண்ட் போனது மோட்டாருக்குத்தானுங்க அம்மணி தெரியும், டிரம்முக்குத் தெரியாது. சுத்தறது சுத்திட்டேதான் இருக்கும். எதுத்தாப்புல ஒரு விசை வந்து புடிச்சாத்தான் நிக்கும். அந்த விசைதானுங்க பிரேக்கு..."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் வேறாக இருந்தது.

பிரேக்கை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் என் கண்ணெதிரிலேயே மூன்று முறை சொன்னார்.

"ஏனுங்க தண்டபாணி, பாடம் நடத்தறதுக்கா உங்களுக்குச் சம்பளம்? ஆர்டர் போகட்டும், மாத்திக்கலாம்" என்றார் மேனேஜர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

ஒரு மதியம் பையரின் ஆள் ஆபீஸில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஷேடு பார்க்கும் துண்டு எங்கே என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கத்தினார். ஓடிப்போய் ஹைட்ரோ முன்னால் நின்றேன். டிரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணா, சீக்கிரங்க... ஒரு துண்டு கெடச்சாப் போதும்."

"நிக்கட்டுங்க அம்மணி."

"அங்க என்னையத் திட்டறாங்கண்ணா..."

என்னை ஒருமுறை பார்த்தார். மூடியைத் தூக்கி, வேகம் குறைந்திருந்த டிரம்முக்குள் கையை விட்டு, ஒரு துணி முனையைப் பிடித்தார். துணி கையைச் சுற்றிக்கொண்டது...

அப்புறம் கேட்ட சத்தத்தை எழுத விருப்பமில்லை.

வலது கை, முழங்கைக்குக் கீழே போயிற்று.

மறுநாள் மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். "அவராத்தானே கையை உட்டாரு? பார்த்ததை மட்டும் எழுதிக் குடு கண்ணு, போதும்."

எழுதினேன். 'மெஷின் நிற்பதற்கு முன் அவராகவே கையை விட்டார்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பிரேக்கைப் பற்றி எழுதவில்லை. நான் அவசரப்படுத்தியதை எழுதவில்லை.

அடுத்த மாதம் என்னை லேப் இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

நாலைந்து வருடம் கழித்து உடுமலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஊரில் டியூஷன் எடுக்கிறாராம், இடது கையால் எழுதப் பழகிவிட்டாராம். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்ததைக் கொண்டாந்து காட்டுனாங்க அம்மணி" என்றார். குரலில் கோபம் இல்லை. "கையெழுத்து நல்லா இருந்துச்சுங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

இப்போது வேறொரு யூனிட்டில் இருக்கிறேன். டிரம் முழுதாக நிற்கும்வரை இங்கே ஹைட்ரோவின் மூடி திறக்காது, தானாகவே பூட்டிக்கொள்ளும். லேப் பெண்கள் அதன் முன்னால் நின்று போனைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள்.

அன்றைக்கும் இப்படி ஒரு பூட்டு இருந்திருந்தால்... என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன். தேற மாட்டேன் என்கிறது.

பூட்டுதான் இல்லை. எனக்கு வாய் இருந்தது.