ஆர்டெல்லா வீட்டை விட்டுப் போகவில்லை

சிகாகோவில் எங்கள் கறுப்பு மக்கள் வாழும் தெற்குப் பக்கத்தில் ஆர்டெல்லா ஸ்டாம்ப்ஸ் என்று பெயரைச் சொன்னால், கொஞ்சம் வயதானவர்களில் பாதிப் பேர், "கட்டிலத் தூக்கிக்கிட்டு ஓடினாளே, அவளா?" என்று கேட்பார்கள். பாவம், அவள் கட்டிலையும் தூக்கவில்லை, ஓடவும் இல்லை. குளோவிஸ் ஸ்டாம்ப்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு, நாலு பிள்ளைகளைப் பெற்று, எஃகு ஆலையில் வெந்துவிட்டு வருகிறவனுக்குச் சோள ரொட்டியைச் சூடு ஆறாமல் எடுத்து வைத்தவள் அவள். ஞாயிறு வந்தால் வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக நியூ கிலியத் ஆலயத்தின் வாசலில் நிற்பாள். யார் எங்கே உட்காருவது என்று அவள் விரல்தான் சொல்லும். பிரசங்கத்தின் நடுவில் குசுகுசுப்பவர்களை அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

அப்படிப்பட்டவளுக்கு வினை புருஷனின் கிட்டாரில் வந்தது. ஆலையில் வேலை இல்லாத நாட்களில் குளோவிஸ் ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டுகள் பாடுவான். பழைய டயர் கடையைக் காலி செய்து கோவல் என்ற மனிதர் மார்வெட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கியபோது, முதலில் உள்ளே போனவர்களில் அவனும் ஒருவன். ப்ளூஸ்காரர்கள் துரோகம் செய்த பெண்ணைப் பற்றிப் பாடாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டில் வருகிற பெண்ணுக்கு வேறு ஊர்க்காரி எவள் பெயரையாவது வைப்பார்களே தவிர, கட்டினவள் பெயரை வைக்க மாட்டார்கள். மூக்கு முட்டக் குடித்தவன்கூட இதில் தவறியதில்லை. குளோவிஸ் தவறினான், அதுவும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல்.

விடியற்காலையில் ஆர்டெல்லா போய்விட்டாள், கட்டிலையும் கொண்டுபோய்விட்டாள், எனக்கு மிஞ்சியது தரைதான் என்று போகும் அந்தப் பாட்டு. முடிவெட்டுகிற கடை, மீன் வறுக்கிற கடை, காசு போட்டுப் பாட்டுக் கேட்கிற பெட்டி என்று திரும்பின இடமெல்லாம் அதுதான். போதகரின் மனைவி வந்து, வீட்டில் எல்லாம் சுகந்தானா என்று அடக்கமாக விசாரித்தாள். வாசல் ஊழியத்துக்குக் கொஞ்ச நாள் வேறு யாராவது நிற்கட்டுமே என்றும் சொல்லிப் பார்த்தாள். ஆர்டெல்லா கையுறையைக் கழற்றவில்லை. ஆனால் அந்த இசைத்தட்டு வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஏன் என் பெயர் என்று அவள் கேட்காத வருஷம் இல்லை. குளோவிஸ் வருஷத்துக்கு ஒரு பதில் வைத்திருந்தான். இழுத்துப் பாட வாகாக இருந்தது என்பான். கோவல் சொன்னார் என்பான். ஒரு நாள் வாய்த்துடுக்கில், "அது வேற ஆர்டெல்லா" என்று சொல்லித் தொலைத்தான். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மற்றபடி அவன் தங்கமான மனிதன். சிரிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அந்த வீட்டில் குறை இருந்ததில்லை. அவனை அடக்கம் செய்த பிறகும், பாட்டில் இருப்பது நானா இன்னொருத்தியா என்கிற கேள்வி மட்டும் அவளோடு மிஞ்சியது.

பிறகு மார்வெட் ரெக்கார்ட்ஸின் கதையைச் சினிமாவாக எடுக்கிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். அவள் வறுத்த கோழியை எலும்பு விடாமல் சாப்பிட்டார்கள். நான் எங்கேயும் போகவில்லை என்று அவள் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். தலையாட்ட என்ன செலவு?

படம் வந்த சனிக்கிழமை மத்தியானம், ஆலயத்துப் பெண்கள் மூன்று வரிசையைப் பிடித்து உட்கார்ந்தார்கள். அந்தப் பாட்டுக்கு டிரம் வாசித்த லான்சோ பீக்கும் புதுத் தொப்பியோடு வந்து ஆர்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று ஒலிப்பதிவு அறையில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

திரையில் சிவப்புக் கவுன் போட்ட ஒருத்தி லாரியில் கட்டிலை ஏற்றினாள். அடுத்த காட்சியில் மைக்குக்கு முன்னால் ஒரு நடிகன் உதட்டை அசைத்தான். குரல் குளோவிஸுடையது, பழைய தட்டிலிருந்து அப்படியே எடுத்தது. ஆர்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் சனம் சினிமாவை வாயை மூடிக்கொண்டு பார்க்கிற சனம் இல்லை. ஆலயத்துப் பெண்களில் ஒருத்தியான சிஸ்டர் யூலா எழுந்தே நின்றுவிட்டாள்.

"பொய் சொல்லாதீங்கய்யா! அந்தக் கட்டில் இன்னும் அவ வீட்லதான் கிடக்கு. போன மாசங்கூட நான் அதுல படுத்துத் தூங்கினேன்."

"ஆமா, ஆமா" என்று மூன்று வரிசையும் சேர்ந்து பதில் கொடுத்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பழக்க தோஷத்தில் ஆர்டெல்லாவின் விரல் அடக்குவதற்கு உயர்ந்தது. பிறகு, கத்தட்டும் என்று இறக்கிக்கொண்டாள்.

படம் முடிந்து முன்கூடத்துக்கு வந்தபோது லான்சோ தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டாள்.

"முதல் தடவையிலேயே பாடி முடிச்சிட்ட மாதிரி காட்டுறானுங்களே சிஸ்டர், அதான். பாட்டுல இருந்த பேரு மேக்சின். தெரியாதா உங்களுக்கு?"

எனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லுங்கள் என்றாள்.

அவர் சொன்னார். குளோவிஸ் மேக்சின் என்று பாடத்தான் உள்ளே போனானாம். பெயர் வருகிற இடத்தில் வாயிலிருந்து ஆர்டெல்லா என்று விழுந்ததாம். கோவல் நிறுத்தினார், மறுபடி தொடங்கினார்கள், மறுபடி ஆர்டெல்லா. கடைசியில் கோவலே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மேக்சின் மேக்சின் என்று வாயசைத்துக் காட்டியும் பிரயோசனம் இல்லை. பொழுது சாய்ந்ததும் அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, போ, அதையே போட்டுத் தொலைக்கிறேன் என்றாராம்.

"வெளிய வந்து படியில உக்காந்தான். வேர்த்துக் கொட்டுது. 'நான் என்ன செய்யட்டும் லான்சோ, பொம்பள பேருன்னு தேடினா எனக்குள்ள வேற பேரே இல்லடா'ன்னான்."

ஆர்டெல்லா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல அந்த மனுஷன்?"

"சொன்னா தலைமேல ஏறி உக்காந்துக்குவீங்கன்னு பயந்தான். நானும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். இனிமே அவன் வந்து என்னை என்ன செஞ்சிடப் போறான்?"

வெளியே யூலா, மீன் ஆறிப்போகும், சீக்கிரம் கடைக்குப் போகலாம் என்று கத்திக்கொண்டிருந்தாள். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு ஆர்டெல்லா டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு நடந்தாள். அடுத்த காட்சிக்கு ஒன்று என்றாள்.

"இப்பத்தானே பாத்துட்டு வந்தீங்க மேடம்? அதே படந்தான் ஓடுது" என்றாள் உள்ளே இருந்தவள்.

"தெரியும்மா. அதுல என் புருஷன் என்னைக் கூப்பிடுறார்."