திரேசம்மா பூசிய திருநீறு

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்குச் செய்தி வந்தது. கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்ற நகர்ப்பகுதியில் உள்ள முதியோர் இல்லத்தில், உடை மாற்றும் அறையில் யோசெப்பின் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்யும் திரேசம்மா அக்கா விடியப்புறம் நித்திரையிலேயே போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள்.

யோசெப்பினுக்கு அழுகைக்கு முன் பயம் வந்தது. சரியான விசுவாசம் இல்லாதவருக்கு மீட்பில்லை என்பது அவளுடைய பெந்தகொஸ்தே சபையின் போதனை. அக்காவோ கத்தோலிக்கர். அதிலும் ஒழுங்கில்லாத கத்தோலிக்கர்.

மட்டக்களப்புத் திரேசம்மா பதினெட்டு வருடம் அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தவர். யூதக் கிழவர் ஒருவருக்குப் பன்றியிறைச்சி வந்தால் தட்டோடு திருப்பி அனுப்புவார். அது ஏன் கூடாதென்று அவருக்கே தெரியாது. அங்கிருந்த திருகோணமலைச் சைவர் அரியரத்தினத்துக்குப் பாரிசவாதத்தில் வலக்கை விழுந்தபோது, வெள்ளிதோறும் அவருக்குத் திருநீறு பூசும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். விபூதிப் புதனன்று தேவாலயத்தில் சுவாமியார் தனக்குப் பூசுவதைப்போலவே, பெருவிரலால் சிலுவை கீறினார்.

யோசெப்பின் திகைத்துப்போனாள். "அக்கா, இது உங்கட சமயமும் இல்லை, அவற்ர சமயமும் இல்லை."

"பிழையெண்டா ஆண்டவர் என்னட்டக் கேக்கட்டும். அந்த மனுசன் வெறும் நெத்தியோட கிடக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது."

அரியரத்தினம் கண்ணாடி வாங்கிப் பார்த்தார். "என்ன பிள்ளை, சாக முதல் என்னை வேதக்காரனாக்கிப்போட்டியே?"

மூன்று விரலால் பட்டையாகப் பூச வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிலுவையை அழிக்கவும் இல்லை. மூன்று வருடமாக அப்படியே நடந்தது.

அன்று காலை யோசெப்பின் அரியரத்தினத்தின் அறைக்குள் போனபோது அவருக்குச் செய்தி எட்டியிருந்தது. கட்டிலருகே திருநீற்று டப்பா இருந்தது.

"பிள்ளைக்குக் கூடாதெண்டா விடு," என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "திரேசம்மா எங்க போயிருப்பா எண்டு உங்கட சபை சொல்லும்?"

"அவையள் சொல்லுறது எனக்குத் தெரியும் ஐயா." அவள் டப்பாவைத் திறந்தாள். "ஆனா அக்கா இல்லாத மோட்சத்துக்கு நான் என்னெண்டு ஆசைப்படுறது?"

அவர் நெற்றியை அவள் பக்கம் திருப்பினார்.

"எப்பிடிப் பூச?"

"அவ பூசின மாதிரியே."

யோசெப்பின் பெருவிரலால் சிலுவை கீறினாள். கோடு கோணலாகப் போனது. அவருடைய வலக்கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தபோது பார்த்தாள்: அக்கா நேற்று நகம் வெட்டியிருந்தார். இரண்டு விரல்களில் மட்டும் நகம் வெட்டாமல் மிச்சம் இருந்தது.