சூடு ஆறாத உப்புப் பொட்டலம்

அண்ணனின் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவுகளே, நண்பர்களே, "இருந்தார்" என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில்கூட என்னைப் போனில் திட்டியவர் அவர். படத்துக்கு மாலை போட்டாயிற்று என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அண்ணன் கோவில்பதாகை கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பை விட்டுவிட்டு, பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் முன்னால் போய் நின்றார். அவருடைய தங்கை நான் இன்ஜினியரிங் படித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

நாளெல்லாம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, அவருடைய வலது தோளில் சதை நெல்லிக்காய் மாதிரி இறுகிக் கட்டிக்கொள்ளும். அழுத்தினால் வலி கை வரை இறங்கும். வேலை முடிந்து வந்ததும் அண்ணி கல்லுப்பை வெறும் வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் பொட்டலம் கட்டி, தோல் தாங்குகிற சூட்டில் ஒத்தடம் கொடுப்பார். பிறகு நல்லெண்ணெய் தொட்டு மெல்லத் தேய்ப்பார். முரட்டுத்தனமாக அமுக்கினால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும்.

அண்ணனூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தால் என் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பார். "நாள் முச்சூடும் கம்ப்யூட்டர் முன்னாடி ஒரே மாரி குந்திகினு கீற. சதை கட்டாம இன்னா பண்ணும்? எய்ந்து நட பாப்பா!" என்பார். என் பையனின் ரப்பர் பந்தைப் பிடுங்கி என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, "சாஞ்சி மெதுவா உருட்டு. எலும்பு மேல வெக்காத" என்பார். அட, வலி நிஜமாகவே குறையும்!

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, "தோளு புடிச்சிகினு கீது, கொஞ்சம் உப்பு வறு" என்றாராம். அவர் பிடித்திருந்தது இடது தோளை. "எப்பவும் வலது பக்கம்தான வலிக்கும்? ஏன் இப்டி வேர்க்குது?" என்று அண்ணி கேட்டிருக்கிறார். "ஃபேன் காத்து பத்தல. நீ வறு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அண்ணி பொட்டலத்தோடு வந்தபோது அண்ணன் இல்லை. மாரடைப்பு. நான் ஓடிவந்து பார்த்தபோதும் அண்ணியின் கையில் அந்தப் பொட்டலம் சுட்டுக்கொண்டிருந்தது.

சாவு வீட்டில் எல்லார் எதிரிலும் சித்தப்பா கேட்டார்: "உப்பு வறுக்கற நேரத்துல ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருந்தா?" அதோடு அண்ணி யாரிடமும் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த அன்று, அதே சித்தப்பா இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, புடிப்புதான். உப்பு ஒத்தடம் குடுத்தா பூடும்" என்றார். அதுவரை பேசாத அண்ணி, "ஆட்டோவ கூப்புடு!" என்று கத்தினார்.

மருத்துவர் இசிஜி எடுத்துப் பார்த்தார். தோளை அழுத்தியதும் சித்தப்பா துள்ளினார். பாடை தூக்கியதில் சதை பிடித்திருக்கிறது, ஒத்தடமே போதும் என்றார் மருத்துவர். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். "நெஞ்சுல பாரம், வேர்வை, மூச்சு வாங்கறது, கைக்கோ தாடைக்கோ பரவுற வலி, இதுல எது இருந்தாலும் ஒத்தடத்துக்கு உக்காராதீங்க, நேரா வந்துடுங்க. நிறைய பேர் பிடிப்புன்னுதான் நெனைக்கிறாங்க" என்றார். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து மறக்காதீர்கள்.

இசிஜி சரியாக இருந்தும் எங்களைக் கடிந்துகொள்ளாத அந்த மருத்துவருக்கும், கூப்பிட்ட குரலுக்கு வந்த ஆட்டோத் தம்பிக்கும், எங்களுக்குச் சோறு அனுப்பிய கோவில்பதாகை வீடுகளுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த பாடித் தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஒத்தடம் என்ற சொல்லை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. அண்ணன் போன நாளிலிருந்து பற்றவைக்காத அடுப்பை அண்ணியே பற்றவைத்தார். உப்பை வறுத்துக் கட்டி, தன் முன்கையில் வைத்துச் சூடு பார்த்து என்னிடம் நீட்டினார். நான் சித்தப்பாவின் தோளில் வைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"சுடுதா மாமா?" என்று கேட்டார் அண்ணி.

"உம் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார் சித்தப்பா.