இராசம்மா அக்காவும் சாப்பிடாத பூனையும்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு நம் பள்ளிக்கூடத்து ஆசிரியைமாரும் பழைய மாணவிகளும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடுச்சாமம் தாண்டிவிட்டது. குழந்தை தூங்கும் வேளைதான் எனக்கு மிஞ்சும் வேளை. எழுத்து கோணலாக இருந்தால் விளக்கைக் குறை சொல்லுங்கள்.

இராசம்மா அக்கா இறந்த செய்தி ஒரு மத்தியானத்தில் வந்தது. கடையிலிருந்து சாப்பிட வந்த என் கணவர் இலைக்கு முன்னால் உட்காராமல் நின்றார். “அம்பிட்டிய டீச்சர் காய்ச்சல்ல போயிட்டாங்களாம். கடைத்தெருவுல சொன்னாங்க” என்றார். நான் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். “தேறிட்டாங்கன்னுதானே ஆள் அனுப்பியிருந்தாங்க?” என்று கேட்டபடியே ஊட்டி முடித்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வருஷத்துக் காய்ச்சலில் சாவுச் செய்தி கேட்டுக் கேட்டு, நமக்கெல்லாம் அழுகைகூடக் களைத்துப்போய்த்தான் வருகிறது.

அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தை பிறந்து நான் வேலையை விடும்வரை ஆசிரியைமார் அறையில் நான் உட்காரும் கதிரை அவர் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். என் இந்தியப் பேச்சைக் கேட்டால் சும்மா விடமாட்டார். “வாங்க, போங்க எண்டு ஏன் பாதியில நிப்பாட்டுறீர்? வாங்கோ எண்டு முழுசாச் சொன்னால் பல்லுக் கொட்டுண்டு போமோ?” என்பார். நானும் விடமாட்டேன். “எங்க ஊருல பேச்சுக்கு வால் கிடையாதுக்கா” என்பேன்.

அவருக்குப் பிள்ளை இல்லை. ஒரு மழை நாளில் செம்பட்டை நிறக் கடுவன் பூனை ஒன்று தானாகவே அவர் வீட்டுக்குள் வந்து, அறை அறையாகச் சுற்றிப் பார்த்து, கடைசியில் நல்ல கதிரையில் ஏறிப் படுத்துக்கொண்டது. “தோட்டத்துத் துரை மாதிரி வந்து பாத்தார், முகத்தைச் சுழிச்சார், இருந்திட்டார்” என்று சொல்லி, துரை என்றே பெயர் வைத்தார். காலையில் ஆசிரியைமார் அறைக்கு வந்ததும், “துரை இரவு முழுக்கத் திரிஞ்சுபோட்டு விடியத்தான் வந்தவர்” என்று அலுத்துக்கொள்வார். புதிதாக வந்த தையல் டீச்சர், இது அவர் கணவரைப் பற்றிய பேச்சு என்று எண்ணி, மாதக்கணக்கில் அவருக்காக இரக்கப்பட்டாள். விஷயம் தெரிந்த பிறகும் அந்தப் பாவம் கந்தையா அண்ணனை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்.

என் குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது, பாலுக்கு வாய் வைத்ததும் வீரிட்டு அழுது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினான். மாமியார், “கண்ணு பட்டிருக்கு” என்று மிளகாய் சுற்றிப் போட்டார். எனக்குப் பால் நின்றுவிட்டது என்று பயம். பார்க்க வந்த இராசம்மா அக்கா குடையைக்கூட மடக்கவில்லை. “பசி இல்லாத பிள்ளை நெஞ்சைத் தேடி வருமோ? வந்திட்டுத் திரும்புது எண்டால் வாயில நோகுது. முதலில வாயைப் பாரும். நாவூறு பிறகு கழிக்கலாம்.” பார்த்தோம். நாக்கிலும் கன்னத்து உட்புறத்திலும் வெள்ளையாகப் புண். மருந்து தடவியதும் ஆறியது. மாமியார் மட்டும் மிளகாய்தான் வேலை செய்தது என்று இன்றுவரை சொல்கிறார். அக்காவுக்கு அதில் மனக்குறை இல்லை. “ஆறினால் சரி. பேர் ஆருக்குப் போனால் என்ன?”

போன வாரம் அக்காவின் செத்த வீட்டுக்கு மறுபடி போனேன். துரை அவருடைய கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. தடவிக்கொடுத்த என் விரல்களில் முதுகெலும்பு முள்முள்ளாகத் தட்டுப்பட்டது. மயிர் நக்கப்படாமல் சிக்குப் பிடித்திருந்தது. வந்தவர்களெல்லாம் பூனையைப் பார்த்துத்தான் அழுதார்கள். “பாத்தீங்களே, பெத்த பிள்ளைகூட இப்பிடி அன்னந்தண்ணி இல்லாமல் கிடக்காது” என்று ஒரு மாமி மூக்கைச் சிந்தினார். கந்தையா அண்ணன் தலையை ஆட்டினார். “அதுவும் அவவிட்டத்தான் போகப்போகுது, தங்கச்சி. நான்தான் இஞ்ச கிடக்கிறன்.”

அப்போது யாரோ ஒரு கோப்பையில் பால்சோறு கொண்டுவந்து வைத்தார்கள். துரை எழுந்து, தள்ளாடித் தள்ளாடிக் கோப்பைக்கு வந்தது. முகர்ந்தது. ஒரு வாய் எடுத்தது. உடனே கீழே போட்டுவிட்டு, தலையை உதறி, முன்னங்காலால் கடைவாயைப் பிறாண்டியது.

“அண்ணே, துக்கம்னா கோப்பைக்கு ஏன் வருது? அதுக்குப் பசிக்குது. வாயைப் பார்க்கலாமா?”

“விடுங்கோ, தங்கச்சி. செத்த வீட்டில அதையும் போட்டு வருத்தவேணுமோ?”

“அக்கா இருந்தா பார்த்திருப்பாங்க.”

அவர் தாமே எழுந்து துவாய் ஒன்றைக் கொண்டுவந்து, கால்கள் வெளியே வராதபடி பூனையைச் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டார். உதட்டை மெல்லத் தூக்கினேன். நாற்றம் அடித்தது. மேல் கடைவாய்ப் பல் உடைந்திருந்தது. சுற்றிலும் ஈறு சிவந்து வீங்கி, ஓரத்தில் சீழ். மாமி எட்டிப் பார்த்துவிட்டு வெற்றிலைத் தட்டைத் தேடிப் போய்விட்டார். கந்தையா அண்ணன் பூனையின் தலையில் தம் மோவாயை வைத்துக்கொண்டு, “இவ்வளவு நாளும் நோவில கிடந்திருக்குது. நான் எனக்கு ஒரு துணை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனே” என்றார்.

தம்மைப்போலவே இன்னொரு உயிரும் சாப்பிடாமல் கிடக்கிறது என்பதுதான் அந்த மனிதருக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே ஆறுதல். அதை நான் எடுத்துவிட்டேன். வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை.

அந்தியேட்டி என்னும் கருமாதிச் சடங்குக்காகக் கந்தையா அண்ணன் யாழ்ப்பாணம் போயிருக்கிறார். துரை இப்போது எங்கள் வீட்டு விறகுக் கொட்டிலில், சாக்குக்குள். மாட்டு வைத்தியரிடம் என் கணவர் போய்க் கேட்டார். “பூனைக்கா? வேற பூனை புடிச்சுக்கங்க” என்று சிரித்தாராம். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்கிறேன். பால் மட்டும் கொடுத்தால் வயிறு போகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை. மீனை முள் இல்லாமல் கூழாக மசித்து, வெந்நீர் விட்டு, மணம் எழும்ப இளஞ்சூட்டில் வைத்தால் மூக்கை நீட்டுகிறது. தலையை அண்ணாந்து பிடிக்காமல், வாயின் ஓரமாகச் சிறு கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டால் விழுங்குகிறது. இன்று மூன்று கரண்டி உள்ளே போனது. நேற்று அதுவும் இல்லை. ஆனால் பல்லை எடுக்காமல் இது எத்தனை நாளைக்கு ஓடும்?

இதில் ஒரு சங்கடம், உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் மீன் ஏறியதே இல்லை. டின் மீனைக் கொட்டிலில் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மசிக்கிறேன். “வெளியில என்னமோ செஞ்சுக்க. குளிக்காம அடுப்படிக்கும் வரக்கூடாது, புள்ளையையும் தொடக்கூடாது” என்பது மாமியாரின் உத்தரவு. இந்தக் குளிரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பது? எனக்கு இருமல் கண்டுவிட்டது. காய்ச்சல் வருஷத்தில் நான் படுத்தால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்ற யோசனை வந்தால் தூக்கமும் போய்விடுகிறது. கந்தையா அண்ணன் வீட்டிலோ அந்தியேட்டி முடியும்வரை மீன் கூடாது.

இராசம்மா அக்காவைப் பற்றி நல்லவர், கெட்டிக்காரர் என்று எல்லாரும் எழுதுவார்கள். அதெல்லாம் உண்மை. நான் வைத்துக்கொள்வது வேறொன்று: ஊர் முழுக்க நம்பி அழுகிற அழகான காரணம் ஒன்று கையில் இருக்கும்போதும், நாறுகிற வாயைத் திறந்து பார்க்கிற அந்தப் பிடிவாதம். என் குழந்தை பால் குடித்தது அதனால்தான். இன்றைக்கு மூன்று கரண்டி உள்ளே போனதும் அதனால்தான்.

ஆகையால் இரண்டு விஷயம் கேட்கிறேன். உங்களில் மீன் சமைக்கிற வீடு யாருடையது? கம்பளையிலோ பன்விலவிலோ இருந்தாலும் பரவாயில்லை, என் கணவர் பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து விடுவார். கந்தையா அண்ணன் திரும்பி வந்து, அவர் வீட்டில் மறுபடி மீன் சமைக்கும்வரை வைத்திருந்தால் போதும். தோட்டத்துத் துரைமாரின் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் எவரையாவது தெரியுமா? பல் பிடுங்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். முடியாது என்றாலும் முடியாது என்றே எழுதுங்கள்; வேறு இடம் பார்க்கலாம். பூனையிடம் காத்திருக்கச் சதை இல்லை. பதிலைச் சீக்கிரம் போடுங்கள்.