பாதி பிளேடு

நாட்டின் வருமானம் இத்தனை கோடி என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருகிறதே, அது ஒன்றும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. யாரோ கால் கடுக்க நடந்து சேர்த்துக்கொண்டு வருவது. அப்படி நடந்தவர்களில் ஒருத்தி, புள்ளிவிவர அலுவலகத்தின் கள அலுவலர். பத்தொன்பது வருடமாகச் சின்னக் கடைகள்தான் அவள் பொறுப்பு. தையல், சைக்கிள் ரிப்பேர், சலூன்.

சின்னக் கடைக்காரரிடம் வருமானத்தைக் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. எங்கே வரி போட்டுவிடுவார்களோ என்ற பயம். சலூன்காரர்கள் மனப்பாடம் செய்தது போல, "ஒரு நாளைக்குப் பத்து பேர் வந்தா பெருசுங்க" என்பார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. காலையில் கடையைத் திறந்து கூட்டும் நேரமாகப் பார்த்துப் போவாள். குப்பைக்கூடையில் கிடக்கும் காலி பிளேடு பாக்கெட்டுகளை எண்ணுவாள். பாக்கெட்டுக்கு ஐந்து பிளேடு, பிளேடுக்கு ஒரு முகம். வாயால் வராத கணக்கு கூடையிலிருந்து வந்துவிடும்.

இது எப்படியோ ஒரு பத்திரிகைக்காரர் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் கார்ட்டூன். ஒரு பெண் குப்பைக்கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "கிடைச்சிடுச்சு, தேசிய வருமானம்!" என்று கத்துகிறாள். அன்று மாலை டிவி விவாதத்தில் ஒரு அரசியல்வாதி அதைத் தூக்கிக் காட்ட, எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்தக் கணக்கு சரியா தப்பா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சிரித்தாகிவிட்டதல்லவா, அப்புறம் எதற்குக் கேட்க வேண்டும்?

அவள் கணவரும் சிரித்தார். "நீ பேசுறதே பிளேடு. இப்ப தொழிலும் அதுதானா?" அவளுக்கும் சிரிப்பு வந்தது. சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்த வாரம் சந்தைத் தெரு வழியாகப் போனபோது, சலூன்காரர் ஒருவர் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க. உங்க படத்தை ஒட்டியிருக்கேன்!" கண்ணாடி ஓரத்தில் கார்ட்டூன். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு ஒருவர். சவரம் நடக்கும்போது அவள் எந்தக் கடைக்குள்ளும் கால் வைத்ததில்லை. சலூன்காரர் புது பிளேடை எடுத்தார், உறையோடு மடக்கினார், சடக்கென்று இரண்டாக ஒடித்தார்.

"என்னண்ணே, ஒடிச்சிட்டீங்க?"

"பாதிதானேக்கா கத்தியில மாட்டும். மீதிப் பாதி அடுத்தவருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிளேடுக்கு இரண்டு முகம்! வீட்டில் கணவர் முழு பிளேடில் சவரம் செய்வதைப் பார்த்துப் பார்த்து, ஊரில் நடக்கும் சவரத்தில் பாதியைப் பத்தொன்பது வருடமாக விட்டிருக்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றே ஒரு பக்கத்துக்குத் திருத்தம் எழுதி இயக்குநர் மேஜையில் வைத்தாள்.

இயக்குநர் நல்ல மனிதர். இரண்டு முறை படித்தார். "நீங்க எழுதியிருக்கிறது சரிதாம்மா. ஆனா பாதியை விட்டுட்டோம்னு இப்பப் போய்ச் சொன்னா, நாளைக்கு என்ன படம் போடுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"போடட்டும் சார். என் தப்பு, என்னைப் போடட்டும். கணக்கு சரியாயிடும்ல?"

"வேண்டாம்மா. ஆபீஸ் மானமே போயிட்டிருக்கு. சலூன் கணக்கெடுப்பையே விட்டுடலாம். போன வருஷத்து எண்ணோட அஞ்சு சதவீதம் சேர்த்துக்குவோம்."

"அந்த அஞ்சு எங்கருந்து சார் வந்துச்சு?"

இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தார். திருத்தம் மேஜை டிராயருக்குள் போனது.

இரண்டு மாதம் கழித்து, அந்த ஐந்து சதவீதத்தையும் சேர்த்துக்கொண்டு அறிக்கை வெளிவந்தது. டிவியில் அதே அரசியல்வாதி. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாட்டின் வருமானத்தைக் கடைசி இலக்கம்வரை நிறுத்தி வாசித்தார். மற்றவர்கள் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கணவர் பதறிப்போனார். "என்னம்மா இது? அன்னிக்கு ஊரே சிரிச்சப்பகூட நீ அழலையே. இன்னிக்குத்தான் ஒருத்தரும் சிரிக்கலையே?"

"அதுக்குத்தாங்க அழுறேன்."