அகல்யாவின் முகவரி

மரியசெல்விக்கு முப்பத்தொரு வயது. மலாக்காவின் ஆயர் குரோவில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வெளியே வருகிறவர்கள்கூட அவள் பேச்சுக்குச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பேச்சுதான் அகல்யாவைப் பெரிய ஆளாக்கியது என்பது அவளுடைய எண்ணம்.

அகல்யாவும் அவளும் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள். மூன்று வருடங்களுக்கு முன், விளையாட்டாகத்தான் வீடியோ போட ஆரம்பித்தார்கள். மரியசெல்வி எழுதுவாள், அகல்யா கேமராவைப் பார்த்துப் பேசுவாள். "என்னடி, ரப்பர் பால்ல முக்கி எடுத்த மாதிரி வெளுத்துப் போயிருக்க?" மரியசெல்வியின் அம்மா வாயில் தினமும் வருகிற வார்த்தை அது. அகல்யா சொன்னதும் லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஒரு வருடம் கழித்து ஒரு ஹோட்டலிலிருந்து விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள், அகல்யாவை மட்டும்.

"உனக்குக் கேமரானாலே கூச்சமாச்சே லா, அதான் உன் பேரச் சொல்லல," என்றாள் அகல்யா.

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் மரியசெல்வியால் தாங்க முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர பார்ப்பது நிற்கவில்லை. மதிய இடைவேளையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே கிடக்கும். இவள் கைபேசியைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். அகல்யாவின் புதுப் புடவை, புது கார், இரண்டு லட்சத்தைத் தொட்ட ஃபாலோவர்ஸ். 'உண்மை பேசுறவ' என்று பொய்ப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, "இதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது அக்கா?" என்று கமெண்ட் போட்டாள். அதற்கு நாற்பது பேர் லைக் போட்ட அன்று அவளுக்குச் சோறு ருசித்தது.

அந்தக் கணக்குக்குத்தான் திவாகர் என்ற ஒருவன் எழுத ஆரம்பித்தான். அகல்யா ஏமாற்றுக்காரி என்றான். தான் அனுப்பிய பரிசையெல்லாம் வாங்கிக்கொண்டு இப்போது பதில்கூடப் போடுவதில்லை என்றான். தன்னைப் போலவே வயிறெரிய இன்னொரு ஆள் இருப்பது மரியசெல்விக்கு இதமாக இருந்தது. ஒருநாள், "வீடு எங்க இருக்கு, தெரியுமா?" என்று கேட்டான். அந்த வீட்டுக்கு அகல்யா குடிபோனபோது பெட்டி தூக்கியவளே இவள்தான். யோசிக்காமல் தட்டினாள்: 'தஞ்சோங் கிளிங், கடலோர ரோடு, மஞ்சள் கேட்.'

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அகல்யா லைவ் போட்டுக்கொண்டிருந்தாள். கிளினிக்கை மூடிவிட்டு, காரில் உட்கார்ந்தபடி மரியசெல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் மேலே திவாகரின் செய்தி வந்து விழுந்தது. மஞ்சள் கேட்டின் படம். கீழே, 'வந்துட்டேன். இன்னியோட அவ முகத்த யாரும் பாக்க முடியாது.'

லைவில் மணியடிக்கும் சத்தம் கேட்டது. "பார்சல் போல, இருங்க வந்துர்றேன்," என்று அகல்யா எழுந்தாள்.

மரியசெல்வி உடனே அழைக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள். அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. அப்புறம்தான் எண்ணைத் தட்டினாள். அகல்யாவின் இன்னொரு போன் அடிப்பது லைவிலும் கேட்டது.

"மரியாவா? என்ன திடீர்னு—"

"கதவத் தொறக்காத! உள்ள பூட்டிக்கிட்டு போலீசுக்கு அடி. கெஞ்சிக் கேக்குறேன் அகல், தொறக்காத!"

காரை விரட்டிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. அண்டை வீட்டார் பிடித்து வைத்திருந்த திவாகரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அகல்யா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கையிலிருந்த போனில் லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "இவதாங்க மரியசெல்வி! என் உயிரக் காப்பாத்துனவ. நான் பேசுன பேச்செல்லாம் இவ எழுதுனது!" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

திரையெங்கும் இதயங்கள் பறந்தன. பதினாலாயிரம் பேர் மரியசெல்வியின் பெயரை எழுதினார்கள். இரண்டு வருடமாக அவள் ஏங்கித் தவித்தது அதற்குத்தான். அவள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"அவன் வர்றது உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள் அகல்யா.

"அத ஆஃப் பண்ணு, சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். அகல்யா அடிக்கவில்லை, கத்தவில்லை. பிடித்திருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "போலீஸ்ல நீயே சொல்றியா, நான் சொல்லட்டா?"

மரியசெல்வியே சொன்னாள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திவாகர் மேல் போட்ட வழக்கில் அவள் சாட்சி. அகல்யா அந்த வீட்டைக் காலி செய்தாள். எங்கே போனாள் என்று மரியசெல்வி விசாரிக்கவில்லை. மன்னிப்பு கேட்டு அகல்யாவின் அம்மாவிடம் கொடுத்தனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

நாலு மாதம் கழித்து, கிளினிக் நர்ஸ் சாந்தி ஓடிவந்து தன் போனை நீட்டினாள். "அகல்யா திரும்ப வீடியோ போட வந்துட்டாங்கக்கா! இப்ப அவங்களே எழுதுறாங்களாம்."

மாமியார் ஒருத்தி செல்பி எடுக்கக் கற்றுக்கொள்ளும் கதை. மரியசெல்வி தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நெஞ்சுக்குள் பழைய இடத்திலேயே சுருக்கென்றது. தன் உதவி இல்லாமலே அகல்யாவுக்கு எழுத வருகிறது.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் சாந்தி.

சொல்ல மனமே வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"என்னைவிட நல்லா எழுதியிருக்கா."